துப்பாக்கிச் சந்தையில் கிடைத்த வளைதடி

கால்மாட்டுல வைக்கிற சாமான் இல்ல தம்பி இது. கண்டக்டர் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறாரு, சீட்டுக்கு அடியில தள்ளுங்க பெரியவரேன்னு. அவருக்கு என்ன தெரியும். மடியிலேயே இருக்கட்டும். உங்க மேல இடிச்சா சொல்லுங்க, நான் இந்தப் பக்கமாத் திருப்பிக்கிறேன். நீங்க எதுவரைக்கும்? திருப்பத்தூரா, மருந்துக் கம்பெனி வேலையாவா. நான் அதுக்கு முந்தி இறங்கிருவேன், நெடுவயல் விலக்கு, எங்க ஊருக்குப் பாதை பிரியுற இடம். அங்க கூட்டமா நிப்பாங்க, மேளம் இருக்கும், பாருங்க. எனக்குத்தான்.

துண்டைப் பாக்குறீங்க. மஞ்சள் மஞ்சளா வாத்து போட்டிருக்கு, இந்த வயசுல இவருக்கு எதுக்கு இந்தத் துண்டுன்னு நினைப்பீங்க. குளிப்பாட்டுன புள்ளையைச் சுத்துற துண்டு. உள்ள இருக்குறது எங்க சாமி. அமெரிக்காவுலேருந்து கொண்டாறேன். இல்ல, தொடாதீங்க. நாளைக்குப் பெட்டிக்குள்ள போற பொருள்.

வளைதடி தம்பி. வளரின்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. முழங்கையை லேசா மடக்குன மாதிரி வளைஞ்சிருக்கும், ஒரு நுனி கனம், ஒரு நுனி மெலிசு. அந்தக் காலத்துல எங்க ஆளுக வீசுனா ஓடுறவனுக்குக் காலு இருக்காது. இப்ப யாரு வீசுறா. எங்க கருப்பனுக்குச் சிலை கிடையாது, இந்தத் தடிதான் சாமி. ஒரு மரப்பெட்டிக்குள்ள இருக்கும். பெட்டி பூசாரி வீட்டுல, சாவி எங்க வீட்டுல. அதான் வழக்கம். வருசத்துக்கு ஒருதடவை, சிவராத்திரிக்கு மறுநாள் காலையில, பெட்டியும் சாவியும் கோயில்ல ஒண்ணு சேரும். ஊரு பாக்கத் திறப்போம். முப்பத்தஞ்சு வருசமா அது வெறும் பெட்டி. நாளைக்குத்தான் மறுபடி நிறையப் போகுது.

இதை எங்க கண்டுபிடிச்சேன்னு கேளுங்க. துப்பாக்கிச் சந்தையில.

மருமகளுக்குப் பிரசவம்னு நானும் வீட்டுக்காரியும் டெக்சாஸ் போயிருந்தோம். என் மகன் மணிமாறனுக்கு அங்க கம்ப்யூட்டர் வேலை. பேரன் பிறந்து பதினஞ்சாம் நாளு. வீடு முழுக்கப் பொம்பளைக, எனக்கு உக்கார இடமில்ல. அந்தச் சனிக்கிழமை மகன் சொன்னான், வாங்கப்பா ஒரு வேடிக்கை காட்டுறேன்னு. ஒரு பெரிய தகரக் கொட்டகை. வாசல்ல கையில முத்திரை குத்துனாங்க. உள்ள போனா மேசை மேசையாத் துப்பாக்கி, வெண்டைக்காயைப் பரப்புன மாதிரி பரப்பி வச்சிருக்கான். அது எனக்குப் பெருசாப் படல. துப்பாக்கிச் சந்தையில துப்பாக்கி இருக்கத்தான் செய்யும். மத்த சாமான் இருந்துச்சே, அதைச் சொல்லணும்.

தேன் விக்கிறான். ஊறுகாய் விக்கிறான். ஒரு அம்மா உக்காந்து நூல்லயே கையெறிகுண்டு பின்னி வச்சிருக்கு, புள்ளைக விளையாட. கைப்புள்ளைக்கு எச்சில் ஒழுகுனா கழுத்துல கட்டுவோம்ல, அந்தத் துணியில சின்னச் சின்னத் துப்பாக்கியா அச்சடிச்சிருக்கு. ஒரு தடிப் புத்தகம், திறந்தா பக்கத்தையெல்லாம் வெட்டிக் குழி பண்ணி வச்சிருக்கான், கைத்துப்பாக்கியை ஒளிக்க. முதலைப் பாதத்துல முதுகு சொறியுற குச்சி. இருபத்தஞ்சு வருசம் கெடாத சோறு டப்பாவுல, உலகம் அழிஞ்ச பெறகு சாப்பிடுறதுக்காம். உலகமே போனபெறகு எவன் இருந்து சாப்பிடுவான். ஒரு மேசையில தட்டு நிறையப் பல்செட்டு. செத்துப்போன பட்டாளத்துக்காரனுக வீட்டுக்கு எழுதுன லெட்டரு, ரப்பர் போட்டுக் கட்டுக்கட்டா. ஒரு கல்யாண ஆல்பம், யாரு கல்யாணம்னு விக்கிறவனுக்கே தெரியல. இதையெல்லாம் எவன்டா வாங்குவான்னு கேட்டேன். வாங்குறவன் இருக்கான்பா, அதான் விக்கிறான்னான் மகன்.

கடைசி வரிசையில ஒரு கிழவி. மூக்குல ஆக்சிஜன் குழாய், பக்கத்துல சிலிண்டர். செத்துப்போன புருசன் சேத்து வச்ச சாமானையெல்லாம் பரப்பிட்டு உக்காந்திருக்கு. இரும்புத் தொப்பி, வெண்கல ஊதுகுழல், கண்ணு இல்லாத ஒரு பொம்மை. பொம்மைக்குப் பக்கத்துல இது. ஒரு சீட்டு கட்டியிருந்துச்சு, ஆஸ்திரேலியாக்காரன் எறியுற தடின்னு எழுதியிருக்குன்னு மகன் படிச்சான்.

ஆஸ்திரேலியாவாம். கனத்த நுனியில மூணு வெட்டு. நடுவுல விரிசலுக்கு எங்க தாத்தா சுத்துன செப்புக்கம்பி, பதினோரு சுத்து. அதை நான் எங்க பாத்தாலும் சொல்லிருவேன். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன, முதல்ல பாக்காத மாதிரி நாலடி நடந்துட்டேன். அதுக்கு மேல காலு போகல. மகன் வந்து, என்னப்பா மூஞ்சி இப்படி இருக்குன்னான். வளைதடின்னு வாயில வந்துருச்சு. அந்த ஒரு வார்த்தையை முழுங்கியிருந்தா இன்னைக்கு இந்த பஸ்ஸுல வரவேண்டிய வேலை இல்ல.

கையில எடுத்தேன். அத்தனை வருசம் கழிச்சும் எண்ணெய் வாடை போகல தம்பி. அன்னைக்கு அந்த அதிகாரி கூட மோந்து பாத்துட்டு, என்னய்யா இது, செக்கு நாத்தம் அடிக்குதுன்னாரு.

எந்த அதிகாரியா? சொல்றேன், பொறுங்க. முதல்ல கிழவி கதையை முடிச்சிர்றேன்.

இது உண்மையில என்னன்னு கிழவி கேட்டுச்சு. மகன் இங்கிலீசுல என்னமோ சொன்னான். எங்க ஊர்ச் சாமின்னு சொன்னேன்பான்னான். கிழவி உடனே சீட்டை அத்து எறிஞ்சுட்டு, பைக்குள்ள கையை விட்டு இந்தத் துண்டை எடுத்துச் சுத்தி, ரெண்டு கையாலயும் நீட்டிருச்சு. மகன் பணத்தை எடுத்தா வாங்க மாட்டேங்குது. சாமியை விக்கக் கூடாதாம். தெரியாமப் பொம்மை பக்கத்துல வச்சுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னுச்சு. எங்கிட்ட மன்னிப்புக் கேக்குது. எனக்கு எங்க பாக்குறதுன்னு தெரியல.

கார்ல வர்றப்ப மகனுக்குத் தலைகால் புரியல. எப்படிப்பா இது அமெரிக்கா வந்துச்சு, அந்தப் பூசாரி யாருக்கு வித்திருப்பான்னு கேட்டுக்கிட்டே வந்தான். பூசாரி வித்த கதை அவன் பால்குடி மறந்த நாள்லேருந்து கேட்டு வளந்தது. வீட்டுக்குப் போறதுக்குள்ள படத்தைப் போன்ல போட்டுட்டான். ராத்திரிக்குள்ள ஊரே பாத்துருச்சு. என் அண்ணன் மகன் பாண்டிச்செல்வம்தான் இப்ப கோயில் காரியம் பாக்குறான். உடனே போன் பண்ணி, சித்தப்பா, நீங்கதான் நம்ம வம்சத்துல பெரிய ஆளு, சிவராத்திரிக்கு வந்துருங்க, முதல் மரியாதை உங்களுக்குன்னான். வீட்டுக்காரியைப் பேரன்கிட்ட விட்டுட்டு நான் மட்டும் வந்தேன். ஏர்போர்ட்டுல இது என்னன்னு கேட்டான். முதுகு சொறியுற கட்டைன்னேன். விட்டுட்டான்.

பூசாரி கதைதானே, சொல்றேன். கோச்சடைன்னு பேரு. ஒல்லியா இருப்பான், சத்தமாப் பேச மாட்டான். அந்த வருசம் பெட்டி கோயிலுக்கு வந்துச்சு, எங்கப்பா சாவி போட்டுத் திறந்தாரு, உள்ள பட்டுத்துணி மட்டும் இருக்கு. பூட்டு உடையல, கீல் அசையல. ஊரே பூசாரியைத்தான் திரும்பிப் பாத்துச்சு. பெட்டி அவன் வீட்டுல இருந்த பெட்டி. சாவி எங்க வீட்டுல இருந்துச்சேன்னு கேப்பீங்க. எங்க வீட்டைப் பாத்து எவன் கேப்பான் தம்பி? எங்கப்பா உக்காந்திருக்குற இடத்துல நிமிந்து பேச மாட்டானுக.

சரி, சூடம் அணைன்னாங்க. எங்க ஊர்ல அதுக்கு மேல பேச்சு கிடையாது. கருப்பன் முன்னாடி சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால அணைச்சு, நான் எடுக்கலன்னு சொல்லணும். பொய் சொன்னா அவன் வீட்டுல கடைசியாப் பிறந்தது முதல்ல போகும். மெய்யா இருந்தா, எடுத்தவன் எவனோ அவன் வீட்டுல அதே மாதிரி போகும். எப்படியும் ஒரு வீட்டுல விழும்.

கோச்சடை சூடத்துக்கிட்ட போனான். குனிஞ்சான். அவன் பொண்டாட்டி ராக்கு பின்னாலேருந்து, நான் சொல்றேன் சாமின்னு வாயைத் திறந்தா. வாயை மூடுறின்னான் அவன். அதுவரைக்கும் அவன் அவளை அதட்டி யாரும் பாத்ததில்ல. அப்புறம் நிமிந்து, நான் அணைக்கலன்னுட்டான். ஏன்டான்னு கேட்டா, வேணாம், பச்சப்புள்ள இருக்குற வீடுங்கிறான். பொண்டாட்டி வாயை அடைக்கிறான், சத்தியம் பண்ண மாட்டேங்கிறான், இதுக்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்க. அவன் வீட்டுல ஏது பச்சப்புள்ள? ஒரே மக, அதுக்குப் பதினாறு வயசு, கல்யாணம் பேசியாச்சு. கிறுக்குப்பய உளறுறான்னு நான்தான் முதல்ல சிரிச்சேன். என்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்க.

அப்புறம் என்ன. பூசாரிப்பட்டம் போச்சு. பெட்டியை எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம். கடையில சாமான் குடுக்கல, கிணத்துல தண்ணி விடல. மகளுக்குப் பேசுன சம்பந்தம் திரும்பிப் போயிருச்சு. குடும்பத்தோட மதுரைப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனாங்க. ரெண்டாம் வருசம் கோச்சடை சூளைக்குப் பக்கத்துக் கிணத்துல கிடந்தான். கால் தவறி விழுந்தான்னும் சொல்றாங்க. பொணத்தை ஊருக்குக் கொண்டாந்தா ராக்கு. சாமி திருடுன பொணம் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு விலக்குலயே மறிச்சுட்டாங்க. அங்கனயே புளியமரத்தடியில சாயங்காலம் வரைக்கும் வச்சுக்கிட்டு இருந்தா. நான் ஒண்ணும் சொல்லல தம்பி. மறிக்கவும் இல்ல, விடுங்கடான்னும் சொல்லல. சும்மா நின்னேன்.

அதிகாரியை நீங்க மறக்கல. மருந்துக் கம்பெனிக்காரங்களுக்கு ஞாபகம் ஜாஸ்திதான்.

அப்ப எனக்கு வேலை இல்ல. அப்பதான் மணிமாறன் பிறந்திருந்தான். பதினொரு நாள் புள்ளையை மடியில வச்சுக்கிட்டு மாமனார் வீட்டுச் சோத்தைத் தின்னேன். கூட்டுறவு சங்கத்துல ஒரு வேலை காலி. ஆள் போடுற அதிகாரி பழைய ஆயுதம் சேக்குறவரு. வீட்டுச் செவுரு பூராம் கத்தி, ஈட்டி. உங்க பக்கம் வளைதடி உண்டாமே, ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாரு. பேரு வேணாம், அவரும் செத்துட்டாரு. அவரு புள்ளைக எல்லாத்தையும் வித்துருப்பாங்க, அது கைமாறிக் கைமாறி எங்கயோ போயிருக்கும்.

ஆமா, நான்தான். வித்தேன்னு சொல்லாதீங்க. ஒரு பைசா வாங்கல. குடுத்தேன்.

கோச்சடை வெளியூர் போயிருந்த நாளாப் பாத்து, எங்க வீட்டுச் சாவியை எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள்ள பூச்சி அரிக்குது, எண்ணெய் தடவணும்னேன். ராக்கு ஒரு கேள்வி கேக்கல. சாவி வீட்டு ஆளு வந்துட்டாருன்னு மோர் கலக்கிக் குடுத்தா. பெட்டி இருக்குற அறைக்குள்ள பொம்பளைக வரமாட்டாக, வெளியில நின்னா. நான் தடியைத் துண்டுல சுத்தி அக்குள்ல இடுக்கிக்கிட்டு வந்தேன். அவ பாத்தா. வெயிலா இருக்கு, துண்டைத் தலையில போட்டுக்கிட்டுப் போங்கய்யான்னா.

சித்திரையில எனக்கு ஆர்டர் வந்துருச்சு. இருபத்தெட்டு வருசம் ஒரு கெட்ட பேரு இல்லாம வேலை பாத்தேன். அந்தச் சம்பளத்துலதான் மணிமாறன் படிச்சான், அமெரிக்கா போனான். நான் ஊதாரித்தனம் பண்ணிட்டுத் திரியல. ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கேன். நானே ஊரறியச் சாமியைக் கொண்டாந்து வச்சுட்டா கணக்கு நேராகிரும்லன்னு நினைச்சேன். நினைச்சது தப்பா?

அங்கதான் வில்லங்கம். பாண்டிச்செல்வம் இந்தக் காலத்துப் பையன், பழைய பூசாரி குடும்பத்துக்கும் சொல்லணும்னு ராக்குவைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கான். அவ மதுரையில மக வீட்டுல இருக்கா. சந்தோசம்யா, பெட்டிக்குள்ள வைக்கிறவுக சூடம் அணைச்சுட்டு வைக்கட்டும், எனக்கு அது போதும்னுருக்கா. ஊரும் சரின்னுருச்சு.  அப்புறம் யோசிச்சு ஒரு வாசகம் பண்ணுனேன். கருப்பா, இந்தத் தடியை நான் அமெரிக்காவுலதான் கண்டெடுத்தேன், நீயே சாட்சி. ஒரு எழுத்துப் பொய் உண்டா அதுல? பிளேன்ல வர்றப்ப பூராம் இதையே சொல்லிப் பாத்துட்டு வந்தேன். பக்கத்துல இருந்தவரு நான் மந்திரம் சொல்றேன்னு நினைச்சுட்டாரு.

எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு போனு. அய்யா, ராக்கு பேசுறேன்னா. முப்பத்தஞ்சு வருசத்துல முதல் தடவை. நான் சண்டைக்குத் தயாராத்தான் நின்னேன். அவ கேக்குறா, பேரப்புள்ள பிறந்திருக்காமே, தலை நின்னுருச்சாய்யான்னு. இன்னும் இல்ல, நாளையோட நாப்பது நாளுன்னேன். பாலு நல்லாக் குடிக்குதான்னா. குடிக்குதுன்னேன்.

 அப்புறம் சொன்னா. நாளைக்கு நீங்க சூடம் அணைக்க வேணாம்யா. பாண்டிச்செல்வத்துக்கிட்ட நான் சொல்லிக்கிறேன். பச்சப்புள்ள இருக்குற வீடு.

போனை வச்சுட்டா.

எனக்கு ஏறிருச்சு தம்பி. இவ யாரு எனக்கு விட்டுக்குடுக்க? நான் என்ன இவகிட்ட பிச்சையா கேட்டேன்? டீயை அப்படியே வச்சுட்டு வந்து பஸ்ஸுல ஏறுனேன். ஏறுனதுலேருந்து உங்ககிட்ட பேசிக்கிட்டே வர்றேன், நிறுத்த முடியல. வாசகம் சொல்லிப் பாக்குறேன், வர மாட்டேங்குது. கருப்பாங்கிறதுக்கு மேல ஓட மாட்டேங்குது.

அன்னைக்கே எனக்குத் தெரியும். கோச்சடை குனிஞ்சு நிமிந்தப்ப என்னைத்தான் பாத்தாரு. என்னைக் கூட இல்ல, என் வீட்டுக்காரி தோள்ல மணிமாறன் தூங்கிக்கிட்டு இருந்தான், அவனைப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் சொன்னாரு. எவன் வீட்டுப் புள்ளன்னு அந்த நிமிசமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சிரிச்சேன். மத்தவன் யாரும் யோசிக்கிறதுக்கு முந்தி சிரிச்சுட்டேன். உளறல், உளறல்னு சொல்லிச் சொல்லி எனக்கே அது உளறலாப் போச்சு. வெக்கமா இருக்கு தம்பி. அறுபத்தஞ்சு வயசுல வாத்துத் துண்டை மடியில வச்சுக்கிட்டு வெக்கமா இருக்கு.

மேளச் சத்தம் கேக்குதா. அந்தா, விலக்கு வந்துருச்சு. பேனரு வச்சிருக்காங்க பாருங்க, ஆளுயரத்துக்கு என் படம். கருப்பனை மீட்ட வீரணன் அவர்களே வருக. மூலையில வட்டத்துக்குள்ள இருக்குறது என் பேரன். துண்டுக்குள்ள சுத்துன படம். பாண்டிச்செல்வம் போட்டிருக்கான், எனக்குத் தெரியாது. எதுக்குப் புள்ள படத்தைப் போடணும் இவன், அதுவும் சாமி காரியத்துல.

கூட்டத்தைப் பாக்காதீங்க. புளியமரத்தடியில தள்ளி நிக்குதே வெள்ளைச் சேலை, அதுதான் ராக்கு, எனக்கு முந்தியே வந்துட்டா. கூட்டத்தோட நிக்கல. அதே இடத்துல நிக்குறா.

தம்பி, ஒரு உபகாரம். இதைப் பிடிங்க. தொட்டா ஒண்ணும் ஆகாது, பிடிங்க. நீங்க இங்க இறங்கிக்கங்க. கூட்டத்துப் பக்கம் போகாம மரத்தடிக்குப் போயி அவுக கையில குடுத்துருங்க. பின்னாலேயே அடுத்த வண்டி வரும், திருப்பத்தூருக்கு நேரத்தோட போயிரலாம். யாரு குடுத்ததுன்னு அவுக கேக்க மாட்டாக. நான் வரலன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க டிக்கெட்டை எங்கிட்ட குடுங்க, நான் திருப்பத்தூர் போயிக்கிறேன். ஜன்னல்ல என் தலை தெரிஞ்சா ஏறிருவானுக. கொஞ்சம் காலை எடுங்க, நான் இந்த சீட்டுக்கு அடியில குனிஞ்சுக்கிறேன். இறங்குங்க தம்பி, வண்டியை எடுத்துருவான்.